கணக்கில் வராத இழப்பு

“குடும்பத்திற்காகத்தானே பிரிந்திருக்கிறோம்!” என்னும் சொல் நம் ஊர்களில் மறுப்பாரின்றி வழங்கி வருகிறது. அதனை நாம் மறுக்கிறோம்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களுக்குச் சபர் புதிதன்று. முன்னர் இலங்கை, பர்மா, மலாயா. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் அரபு வளைகுடா. வறுமையை ஓட்டவும் குமர்களைக் கரையேற்றவும் கடல் கடந்தோரை நாம் குறை கூறவில்லை. அவர்தம் வியர்வையிலன்றோ நம் அடுப்புகள் எரிந்தன!

ஆயினும், ஒரு கணக்கைப் பார்ப்போம். ஈராண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டுகள் உழைத்தவர் தம் வீட்டில் வாழ்ந்தது 20 மாதங்களே! அவர் அனுப்பிய பணத்திற்கு வங்கியில் கணக்குண்டு. மகனுக்கு முதற்பல் விழுந்த நாளுக்கும், மகள் முதல் நோன்பு நோற்று மஃரிபு பாங்கிற்காகச் செவி சாய்த்திருந்த மாலைக்கும், உம்மா பிசைந்து தந்த சோற்றுக் கவளத்திற்கும் கணக்கு எங்கே உண்டு?

“இப்பொழுதுதான் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோமே” என்பர். முகம் தெரியும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றிச் சூடு தெரியுமா? ஊரிலிருப்போரும் மகிழ்ந்துவிட வேண்டா. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்தும் ஆளுக்கொரு கைப்பேசியில் கண் பதித்திருப்போர், வீட்டிலிருந்தவாறே சபர் போனவரல்லரோ?

தேவைக்காகச் செல்லும் சபர் வேறு. அண்டை வீட்டைவிட ஒரு மாடி உயர்த்தவும், கைக்கூலிக்கும் விருந்துப் பகட்டுக்கும் ஈடுகொடுக்கவும் மேன்மேலும் நீட்டப்படும் சபர் வேறு. பின்னதற்குப் பொறுப்பாளி சென்றவர் மட்டுமல்லர். அவரைத் திரும்பவிடாத நாமுந்தாம். நம் ஆடம்பரம் குறையுமாயின், எத்தனையோ வாப்பாமார் சில ஆண்டுகள் முன்னதாகவே ஊர் திரும்பலாம்.

மாடி கட்டி முடித்து அவர் வந்து சேரும் நாளில் மகன் சபருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான். உம்மாவின் கட்டில் வெறுமையாய்க் கிடக்கும். அத்தனை பெரிய வீட்டில் அவர் யாரோடு வாழ்வார்?

விடை கூற வேண்டியது நம் சமுதாயமே.