கிரீம் பாக்கெட்டில் என்ன இருக்கிறது? ஏழைக்கு மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?

அரிசி வாங்கினால் கையில் அள்ளிப் பார்க்கிறோம். வேட்டி வாங்கினால் நூலை இழுத்துப் பார்க்கிறோம். உர மூட்டை வாங்கினால் கலப்படம் உண்டா என்று நாலு பேரை விசாரிக்கிறோம். ஆனால் முகத்தில் பூசுகிற கிரீமை மட்டும், பெட்டியில் சிரிக்கும் நடிகையின் முகத்தைப் பார்த்து வாங்குகிறோம். ஏன்? உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள நமக்கு வழி வைக்கப்படவில்லை!

இது அற்ப விஷயம் என்று எந்தத் தோழரும் ஒதுக்கிவிட வேண்டாம். சம்பள நாளன்று மளிகைச் சீட்டில் சோப்பு, பவுடர், கிரீம், ஷாம்பு என்று வரும் வரிகளைக் கூட்டிப் பாருங்கள். வியர்வை சிந்திப் பெற்ற கூலியில் ஒரு பங்கு அங்கே போகிறது. சில இடங்களில் கூலியோடு சிறுநீரகமும் போயிருக்கிறது.

சட்டத்தில் விட்டுவைத்த ஓட்டை

2020 டிசம்பரில் மத்திய சர்க்கார் அழகுசாதனப் பொருள்களுக்கான விதிகளை வெளியிட்டது. என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலைப் பெட்டியில் அச்சிட வேண்டும். அதிகம் உள்ள பொருள் முதலில், குறைவாக உள்ளது பின்னால் என்று வரிசைப்படுத்த வேண்டும் என்கிறது விதி. நல்ல விதிதான். ஆனால் அதன் வாலைப் பாருங்கள்: 30 கிராமுக்குக் குறைந்த கிரீமுக்கும், 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் இந்தப் பட்டியல் கட்டாயமில்லை!

100 கிராம் டப்பா வாங்குகிறவர் யார்? மாதம் முழுவதற்கும் மொத்தமாகப் பணம் போடக் கூடியவர். 9 கிராம் பாக்கெட், 25 கிராம் ட்யூப் வாங்குகிறவர் யார்? நூற்பு ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற கூலிக்காரர். அதாவது, பணமுள்ளவனுக்கு விவரம், இல்லாதவனுக்கு மௌனம். சில கம்பெனிகள் சின்னப் பெட்டியிலும் பட்டியலை அச்சிடுகின்றனவே என்பார்கள். அச்சிடட்டும். அது அவர்கள் காட்டும் தயவு; நமக்குள்ள உரிமை அல்ல.

"இடம் போதாது" என்று சாக்குச் சொல்வார்கள். நடிகையின் முகத்துக்கு இடம் இருக்கிறது. ரோஜாவுக்கும் குங்குமப்பூவுக்கும் இடம் இருக்கிறது. பட்டியலுக்கு மட்டும் இடமில்லையாம்!

மொழியிலும் இதே வேடிக்கை. விற்பதற்குத் தமிழ் வேண்டும். தொலைக்காட்சியில் தேன் ஒழுகத் தமிழ் பேசுவார்கள். கலந்த பொருளைச் சொல்வதற்கு ஆங்கிலம், அதுவும் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில். பொட்டலத்தில் கட்டாயமாகத் தர வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம். தமிழில் காசு வாங்குகிறவர்கள் தமிழில் கணக்குச் சொல்ல வேண்டாமா?

பட்டியலைப் படிப்பது எப்படி?

பெரிய டப்பா ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். முதற்பெயர் பெரும்பாலும் தண்ணீர். 'அக்வா' என்று எழுதியிருந்தாலும் அது தண்ணீரேதான். அடுத்து ஸ்டியரிக் அமிலம். கொழுப்பிலிருந்து எடுக்கும் மெழுகு போன்ற பொருள். காரம் சிறிது சேர்த்தால் அதில் ஒரு பகுதி சோப்பாகி, தண்ணீரையும் மெழுகையும் பிரியாமல் பிடித்து வைக்கும். பிறகு கிளிசரின், சோப்புத் தொழிலில் உடன் கிடைக்கும் பொருள், தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூசியவுடன் முகம் வெளுத்துத் தெரிகிறதே, அதற்குக் காரணமாக டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கலாம். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டுக்கு நிறம் தருவதும் அதுவே. முகம் கழுவினால் அந்த வெளுப்பும் போய்விடும்.

குங்குமப்பூ எங்கே? பாதாம் எங்கே? வாலில் தேடுங்கள். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்று விதி விடுகிறது. ஒரு அடையாளம் சொல்கிறோம். 'ஃபினாக்சிஎத்தனால்' என்பது கெடாமல் காக்கும் மருந்து; ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அந்தப் பெயருக்குப் பின்னால் வருகிற எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. பெட்டியின் முன்பக்கத்தில் பூத்துக் குலுங்கும் மலர் பின்பக்கத்தில் அந்தப் பெயருக்குக் கீழே கிடந்தால், அது படத்துக்கான மலர் என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டு டப்பாக்களை ஒப்பிட வேண்டுமா? முதல் ஐந்து பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பிறகு விலையைக் கிராமால் வகுத்துப் பாருங்கள். பெயர்கள் ஒன்றாக இருந்து விலை மும்மடங்கு என்றால், மீதி இரண்டு மடங்கு எதற்கு? பெரும்பாலும் விளம்பரத்துக்கும் லாபத்துக்கும்! பாண்ட்ஸ், லாக்மே, வாசலின், டவ் எல்லாம் ஒரே இந்துஸ்தான் யூனிலீவர் விற்கும் பெயர்கள். கடைத்தட்டில் போட்டி போடுவது போலத் தெரியும், கல்லாப்பெட்டி ஒன்று.

பெயர் மாறிய கதை

இதே கம்பெனி 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் சொல்லிக்கொள்ளும் சரக்கு நியாசினமைடு, அதாவது பி3 வைட்டமின். தோலில் கருநிறம் தரும் மெலனின், மேலுள்ள செல்களுக்குப் போய்ச் சேருவதை அது ஓரளவு தடுக்கும். பலன் சிறிது; நிறுத்தினால் அதுவும் நீடிக்காது. இந்தச் சிறிதை வைத்துக்கொண்டு, கறுத்த பெண்ணுக்கு வேலை இல்லை, மாப்பிள்ளை இல்லை. பூசினால் இரண்டும் வரும் என்று பல்லாண்டு காலம் விளம்பரம் செய்தார்கள்.

2020-ல் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கொதித்தெழுந்தார்கள். உலகமெங்கும் கேள்வி கிளம்பியது. கம்பெனி என்ன செய்தது? 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கி 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றியது. சொல் போயிற்று, வியாபாரம் போகவில்லை!

நாம் கேட்கிறோம்: நமது தோல் கறுத்திருப்பது குற்றமா? மெலனின் வெயிலின் கொடிய கதிரைத் தாங்கும் குடை. வரப்பில் நின்று நாற்று நடுகிறவளுக்கு இயற்கை கொடுத்த கவசம். அவள் விளைவித்த சோற்றைத் தின்றுவிட்டு, அவள் நிறத்தை நோய் என்று சொல்லி, அவளிடமே மருந்து விற்கிறார்கள். பகற்கொள்ளைக்கு வேறு பெயர் வேண்டுமா?

கிரீமில் ஒளிந்திருக்கும் விஷம்

பெரிய கம்பெனி காசைப் பறிக்கிறது என்றால், முகவரியில்லாத கிரீம் உயிருக்கே உலை வைக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேரிடம் ஒரே அடையாளம் காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள்! அதிலுள்ள பாதரசமே காரணம் என்றார்கள் மருத்துவர்கள். கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

கிரீமில் பாதரசம் கலக்கக் கூடாது என்பது சட்டம். தவறிப்போய் ஒட்டியிருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றன 2020 விதிகள். பாதரச அழகுசாதனங்களை 2025-க்குள் அடியோடு ஒழிப்பதென்று 2023-ல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் முடிவு செய்தன. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கடைத்தெருவில் சோதிப்பவர் எங்கே?

'மெர்க்குரி', 'காலமெல்' என்ற பெயர் கண்டால் தொடாதீர்கள். தயாரித்தவர் முகவரி இல்லாத கிரீமை, எத்தனை மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். பூசியவருக்கு முகமும் காலும் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கிரீமையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொரு விஷயம் மருந்துக்கடை ட்யூப். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்பவை ஸ்டீராய்டு மருந்துகள். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் சர்க்கார் உத்தரவு போட்டது. வெளுக்கும் என்று இவற்றை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பருக்கள் கிளம்பும், பெண்கள் முகத்தில் ரோமம் வளரும்.

உழைக்கும் தோலுக்கு வேண்டியது

பஞ்சும் எண்ணெயும் சோடாவும் பட்டு வறண்ட கைக்கும், சேற்றில் நின்று பிளந்த குதிகாலுக்கும் வேண்டியது நிறமல்ல, ஈரம். சாதாரண வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி அதைச் செய்யும். பித்தவெடிப்பு முற்றினால் யூரியா சேர்ந்த களிம்பு தடித்த தோலை இளக்கும். ஆம், நீங்கள் வயலில் போடும் யூரியா என்ற அதே பொருள்தான். ஆனால் மருந்துக்கென்று சுத்தம் செய்து அளந்து சேர்த்தது. மூட்டை உரத்தைக் காலில் பூசிவிடாதீர்கள்!

ஆகவே நமது கோரிக்கைகள்: ஒரு கிராம் பாக்கெட்டானாலும் பட்டியல் அச்சிட வேண்டும். தமிழ்நாட்டில் விற்பதைத் தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். கடைகளிலிருந்து கிரீம்களை எடுத்துச் சோதித்து, முடிவைப் பெயரோடு வெளியிட வேண்டும். நிறத்தை இழிவுபடுத்தும் விளம்பரத்தைத் தண்டிக்க 2020 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவு, சட்டமாகிச் செயலுக்கு வர வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஆலை வாசலில், களத்துமேட்டில், ஆங்கிலம் படித்த பிள்ளை ஒருவரை உட்காரவைத்து அவரவர் வீட்டு டப்பாவைப் படிக்கச் சொல்லுங்கள். பட்டியல் இல்லாத பாக்கெட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள்: "இதில் என்ன இருக்கிறது?" பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் ஏஜெண்டைக் கேட்பார். பத்துக் கடை கேட்டால் கம்பெனி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்!