தானா நடக்கும்னு எதுவும் இல்லப்பா

கொஞ்சம் நீளமான பதிவு. சார் கோபமாக இருக்கிறார் என்று நினைத்தாலும் சரி, கடைசி வரை படித்துவிடுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் மூன்று வருடமாக ஒரு ரத்ததானப் பட்டியல் இருக்கிறது. ரத்தம் தேவைப்படுகிறவர் கூகுள் படிவத்தை நிரப்பினால், அந்த வகை ரத்தம் உள்ள எல்லோருக்கும் மெயில் போகும். கடைசியாக ரத்தம் கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் முடிந்ததும், "இனி நீங்கள் கொடுக்கலாம்" என்று திங்கள்தோறும் ஒரு நினைவூட்டலும் போகும். சிங்கப்பூரில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் ஒரு ஆட்டோமேஷன் கருவியில் இதை அமைத்துக் கொடுத்தான். "சார், இனி நோட்டைத் தூக்கிக்கிட்டு யாருக்கும் போன் போட வேண்டாம். எல்லாம் தானா நடக்கும்" என்றான். நானும் கை தட்டினேன்.

போன மாதம் ஓர் இரவு 9 மணிக்கு, மேலூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் தன் தாயாருக்காகப் படிவத்தை நிரப்பினான். பி நெகட்டிவ். "உங்கள் பதிவு ஏற்கப்பட்டது" என்று திரையில் வந்தது. அதை நம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். ஒருவருக்குக்கூட மெயில் போகவில்லை. பதினொன்றரைக்கு அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தான். பழைய நோட்டைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். திருமங்கலத்திலிருந்து ஒருவரும் ஒத்தக்கடையிலிருந்து ஒருவரும் பைக்கில் கிளம்பி வந்தார்கள். அந்தம்மா இப்போது நலம். ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் குழுவில் இரண்டு கட்சி. "சர்வர் பிரச்சினையா இருக்கும் சார், விடுங்க" என்றது ஒன்று. "இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமே வேண்டாம், தூக்கிப் போடுங்க" என்றது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம். விடைத்தாளைப் பார்க்காமலே ஒருவர் பாஸ் போடுகிறார், இன்னொருவர் ஃபெயில் போடுகிறார்.

நம் பக்கத்துக் கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு வழி தெரியும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நீர்பாய்ச்சி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். மடையிலிருந்து வாய்க்கால் வழியே நடப்பார். ஈரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. நானும் பேத்தியை உட்கார வைத்துக்கொண்டு அப்படித்தான் நடந்தேன். படிவம் நிரம்பியதா? ஆம். ஷீட்டில் வரி விழுந்ததா? ஆம். கருவி அதை எடுத்ததா? எடுத்திருக்கிறது. ஜாப்பியரோ சோஹோ ஃப்ளோவோ, எந்தக் கருவியானாலும், எந்த நேரத்தில் எந்தப் படி ஓடியது, எது நின்றது என்று காட்டும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. மெயில் அனுப்பும் படியில் சிவப்புக் குறி.

காரணம் இவ்வளவுதான். மூன்று வாரம் முன்பு அந்த மாணவன் தன் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறான். மாற்றினால், அந்த மெயிலைத் தொட வெளிக் கருவிகளுக்குக் கொடுத்த அனுமதி ரத்தாகும். பாதுகாப்புக்கு அதுதான் முறை. மறுபடி இணைப்புக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். மூன்று திங்களும் நினைவூட்டல் நின்றுபோய், மூன்று முறையும் கருவி எச்சரித்திருக்கிறது. விளம்பர மெயில்களோடு அதுவும் கிடந்தது. அவனை நான் திட்டவில்லை. அவன் ஒருவன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய நம் எல்லோரையும்தான் திட்டுகிறேன், என்னையும் சேர்த்து.

தொடர்ந்து நடந்தேன். இன்னும் மூன்று அடைப்பு.

ஒன்று, தேதி. ஷீட்டின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தது. ஜூலை 3 என்று நினைத்து 03/07 எழுதினால் அது மார்ச் 7 என்று எடுத்துக்கொள்ளும். 90 நாள் ஆகாதவரையும் ரத்தம் கொடுக்கக் கூப்பிடும். 25/07 என்றால் 25ஆம் மாதம் கிடையாதே, அதைத் தேதியாகவே கணக்கில் எடுக்காது. இந்தியா என்று மாற்றிவிட்டேன். ஆனால் ஏற்கெனவே தவறாகப் பதிந்தவை தானாகத் திருந்தாது. ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

இரண்டு, நேரம். காலை 9 மணி நினைவூட்டல் ஏன் இரவு 9.30க்கு வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கருவியின் கடிகாரம் கலிபோர்னியா நேரத்தில் இருந்தது.

மூன்று, எழுத்து. 'பி நெகட்டிவ்', 'பி மைனஸ்', 'பி' போட்டு ஒரு கோடு என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறோம். நமக்கு மூன்றும் ஒன்று. கருவிக்கு மூன்றும் வேறு வேறு. இனி எழுத வேண்டாம், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும்.

"ஆட்டோமேஷன்னா மனுஷன் வேண்டாம்னுதானே அர்த்தம் சார்?" என்று ஒருவன் கேட்டான். இல்லையப்பா. பெரியாறு அணைத் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்து நம் வைகைப் பக்கம் வருகிறது. பள்ளத்தை நோக்கித் தானாகத்தான் ஓடுகிறது. அதற்காகக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி வேண்டாம் என்று நம் முன்னோர் சொன்னார்களா? கருவி கையின் வேலையைக் குறைக்கும். கண்ணின் வேலையைக் குறைக்காது. எழுபது எண்களுக்குப் போன் போட்ட காலத்தில் யார் எடுக்கவில்லை என்பதாவது எனக்குத் தெரிந்தது. இப்போது அதுவும் தெரியாமல் இருந்தேன்.

அதனால் மூன்று ஏற்பாடு. எச்சரிக்கை மெயில் இனி மூன்று பேருக்குப் போகும், அதில் ஒருவர் மதுரையில் இருப்பவர். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு சோதனைப் பதிவு போட்டு, மெயில் வந்ததா என்று பார்ப்போம். படிவம் நிரப்பி அரை மணி நேரத்தில் யாரும் கூப்பிடவில்லை என்றால் அழைக்க இரண்டு போன் எண்கள் அந்தப் படிவத்திலேயே இருக்கும். ஒன்று என்னுடையது. இரவு எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

இன்னோர் எண் வேண்டும். யார் தருகிறீர்கள்? கமெண்டில் கைகூப்பிவிட்டுப் போகாதீர்கள், பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்