தேர்க்காலும் டயர்த் தடமும்

திருவாரூர் வீதியிலே ஆன்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டதும், அதன் பொருட்டு மனுச்சோழன் தன் அருமை மைந்தனைத் தேர்க்காலில் இட்டதும் நம்மவர் யாவரும் அறிந்த கதை. இதே கதை எல்லாள மன்னன் மேல் ஏற்றி மகாவமிசத்திலும் கூறப்பட்டுள்ளது. இரண்டையும் ஒப்பு நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலப்படும். பெரியபுராணத்திலே கன்று எவரும் அறியாதவாறு துள்ளிப் பாய்ந்து சக்கரத்தினிடையே புகுகின்றது. மகாவமிசத்திலோ அது தாய்ப்பசுவோடு வழியிலே படுத்துக் கிடக்கின்றது. துள்ளிப் புகுந்த கன்றைத் தவிர்த்தல் எந்தச் சாரதிக்கும் அரிது. கிடந்த கன்றைக் காணாதவனோ கவனம் பிழைத்தவன். குற்றம் உண்டா இல்லையா என்பதே இவ்வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. ஆயினும் தேர் எவ்வளவு விரைவாகச் சென்றது, கன்று எங்கே நின்றது என மன்னர் எவரும் வினவியதாக நூல்கள் கூறவில்லை. அவர்தம் நீதியுள்ளத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கூறினால் சமய பாட ஆசிரியர் நம்மை விடவும் மாட்டார்.

மன்னர் வினவாத அவ்வினாக்களையே தொழிலாகக் கொண்ட பொறியியலாளர் இன்று உலகில் உளர். நடந்து முடிந்த வாகன விபத்தை, எஞ்சிய தடயங்களிலிருந்து பின்னோக்கிக் கணித்து, கணத்துக்குக் கணம் மீண்டும் கண்முன் நிறுத்துவது அவர் பணி. அமெரிக்காவிலே நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகம் வீதிப் போக்குவரத்துக்கெனத் தனி நிலையம் ஒன்றை 1936 ஆம் ஆண்டிலேயே நிறுவியது. விபத்தாராய்வு அங்கே முறையான கல்வியாக வளர்ந்தது. நம் மலைநாட்டுக்கு இத்தொழில் எவ்வளவு வேண்டற்பாலது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் கருத்து.

2023 சனவரி 20 ஆம் நாள், நானுஓயாவை அடுத்த ரதெல்லைக் குறுக்கு வீதியின் இறக்கத்திலே, மாணவரை ஏற்றி வந்த பஸ் வண்டி ஒன்று வான் ஒன்றோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி எழுவர் மாண்டனர். 2025 மே 11 ஆம் நாள் விடியுமுன்னே, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டி எல்லவிலே பள்ளத்தில் வீழ்ந்தது. எழுபதுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் மற்றுமொரு பஸ் உருண்டு பதினைவர் மாண்டனர். இவ்வாறு ஏதேனும் நிகழும்போதெல்லாம் இரண்டு சொற்றொடர்கள் நம் காதுக்கு வருகின்றன. ஒன்று, “சாரதி உறங்கிவிட்டான்”. மற்றையது, “பிறேக் அறுந்துவிட்டது”. மூன்றாம் நாள் வெள்ளைக் கொடிகள் நனைந்து தொங்கும், பேச்சு அடங்கிவிடும்.

பிறேக் அறுந்தது என்பது ஒரு காரணமே அன்று. அது பல காரணங்களின் மேல் நாம் இழுத்துப் போர்க்கும் போர்வை. நுவரெலியா கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் மேலே உள்ளது. கம்பளை 500 மீற்றரளவில் உள்ளது. பத்துத் தொன் நிறையுள்ள பஸ் ஒன்று 1,300 மீற்றர் கீழிறங்குமாயின், அதன் அழுத்தப்பண்புச் சக்தி எங்கே போகும்? கணக்கிட்டுப் பார்த்தால், நானூறு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய வெப்பம் அது. தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரம் அதில் பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும். உயர்ந்த கியரில், அல்லது சிலர் எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்குச் செய்வது போல நியூட்றலில் இறங்கினால், அவ்வெப்பம் முழுவதும் நான்கு பிறேக் உருளைகளின் தலையில் விழும். உருளை சூடேறி விரியும். பட்டையின் உராய்வு குன்றும். சாரதி எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேளாது.

ஆராயும் பொறியியலாளர் அவ்வுருளையைக் கழற்றிப் பார்ப்பார். உருக்கு நீலம் பாரித்திருக்கின்றதா? பட்டை கண்ணாடி போல் பளபளத்துள்ளதா? அவ்வாறாயின் அது வெப்பத்தால் வந்த கேடு. பட்டை ஆணித்தலை தெரியுமட்டும் தேய்ந்திருப்பின் பராமரிப்பின் கேடு. காற்றுப் பிறேக்காயின் தள்ளுகோல் எத்துணைத் தூரம் நகர்கிறதென அளப்பார். அளவை மிஞ்சியிருந்தால், நாட்கணக்காக அதனைச் சரிசெய்யாது ஓடவிட்டவர் வேறொருவர். ஒன்று சாரதியைச் சுட்டுகின்றது, ஒன்று உரிமையாளரை, ஒன்று பணிமனையை. சாரதி இறந்துபட்டால் பழி முழுவதையும் அவன்மேல் ஏற்றி அனுப்பிவிடுவது யாவர்க்கும் எளிது. அவன் பிள்ளைகளும் நம் பாடசாலைகளிலேதான் படிக்கின்றனர்.

வீதியில் கிடக்கும் டயர்த் தடம் சொல்வதும் கொஞ்சமன்று. தடத்தின் நீளமும் உராய்வுக் குணகமும் தெரிந்தால், க.பொ.த. உயர்தரப் பிரயோக கணிதம் கற்ற மாணவனே ஆரம்ப வேகத்தைக் கணிக்க வல்லவன். சக்கரம் பூட்டுண்டு முப்பது மீற்றர் இழுபட்ட தடம் ஒன்று உள்ளதெனக் கொள்வோம். உலர்ந்த தார் வீதிக்குரிய 0.7 என்னும் குணகத்தைப் போட்டால் வேகம் மணிக்கு 73 கிலோமீற்றர் என வரும். ஆனால் நம் மலையிலோ வீதி ஈரம், குணகம் 0.4 எனின் வேகம் 55. நூற்றுக்கு எட்டு என்ற இறக்கமும் உண்டு. அதனையும் கழித்தால் 49 மட்டுமே. ஒரே தடம், ஒரே வண்டி. மழையையும் சரிவையும் மறந்த கணக்கு ஒருவனைச் சிறைக்கு அனுப்பக் கூடும்.

இத்தடயங்களுக்கு ஆயுள் மிகக் குறைவு. அற்றனிலோ கினிகத்தேனையிலோ மாலை மழை ஒன்று வந்தால் சேற்றுத் தடம் முற்றாக மறைந்துவிடும். ஊரார் இரத்தத்தைக் கழுவி விபூதி தெளிப்பர். வண்டியைக் கம்பி கட்டி மேலே இழுக்கும்போது புதிய நசிவுகள் பழைய நசிவுகளோடு கலந்துவிடும். ஆதலால் முதல் சில மணி நேரத்துள் அளந்து, படம் பிடித்து, கண்ணாடித் தூள் விழுந்த இடத்தைக் குறித்து வைப்பதிலேயே இத்தொழிலின் பாதி அடங்கியுள்ளது. உடைந்த விளக்கின் இழைகூடச் சான்றாகும். எரிந்துகொண்டிருந்த இழை மோதலில் நீண்டு வளையும், அணைந்திருந்த இழை ஒடியும். விடியுமுன் நேர்ந்த விபத்தில் விளக்கு எரிந்ததா என்பதற்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டுமோ?

நம் நாட்டிலே விபத்துக்குள்ளான வண்டியை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்வையிட்டு அறிக்கை தருகின்றார். அவர் பணியை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் வண்டியைப் பரிசோதிப்பது வேறு. வண்டி, வீதி, மனிதன் மூன்றையும் ஒரு கணக்கில் கொண்டுவருவது வேறு. அவ்விடத்து வளைவின் ஆரை என்ன, வெளிப்புறம் போதிய அளவு உயர்த்தப்பட்டுள்ளதா, தடுப்பு வேலி இருந்திருந்தால் அவ்வேகத்தில் அந்நிறையை அது தாங்கியிருக்குமா, இருக்கைகள் தளத்தோடு பிடித்திருந்தனவா பிய்ந்து வந்தனவா என்பன பரிசோதனைத் தாளில் அடங்கா. 1974 திசெம்பர் 4 ஆம் நாள் நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே சப்த கன்னியர் மலையில் விமானம் மோதி 191 பேர் மாண்டபோது, அது எவ்வாறு வழி தவறியது என்பது வரை ஆராய்ந்து எழுதினார்கள். ஆகாயத்திற் செல்வோர்க்கு உரிய அவ்வாராய்ச்சி, கொழுந்து லொறியின் பின்புறத்தில் நின்று செல்லும் தொழிலாளிக்கும் ஏன் உரியதாகலாகாது?

நம் கல்லூரி மாணவருள் பொறியியல் பீடம் புகுவோர் வீடு கட்டுதலையும் கணினியையுமே நினைக்கின்றனர். மொறட்டுவையிலோ பேராதனையிலோ இயந்திரவியலும் குடிசார் பொறியியலும் பயின்ற ஒருவர் இத்துறைக்குத் திரும்புதல் அரிதன்று. சம்பளம் பெரிதென்று நாம் உறுதி கூற மாட்டோம். இரவில் தொலைபேசி மணி அடிக்கும். அட்டை கடிக்கும் பள்ளத்தில் இறங்க வேண்டும். காப்புறுதிக்காரரின் வழக்கறிஞர் நீதிமன்றில் ஒவ்வோர் எண்ணையும் பிடித்து உலுக்குவார். பழைய மாணவர் சங்கத்தார் மனம் வைத்தால், ஆண்டுதோறும் ஒரு மாணவனுக்கேனும் இதன் பொருட்டு உதவிப் பணம் வழங்கலாம்.

தமிழாசிரியராகிய நாம் மேலும் ஒன்று வேண்டுவோம்: அம்மாணவன் தமிழை மறவாதிருத்தல் வேண்டும். மலைவீதி விபத்துக்குப் பெரும்பாலும் முதற் சாட்சி, மேலேயுள்ள மலையில் கொழுந்து பறித்து நின்ற பெண்தான். “வண்டி வாறதுக்கு முன்னாடியே கருகுற வாடை அடிச்சிச்சுங்க” என்று அவள் கூறுவாளாயின், மேலே விரித்த வெப்பக் கணக்கு முழுவதற்கும் அச்சொல்லே சான்று. அது வேறு மொழிக்கு மாறி, பின் இன்னொரு மொழியில் தட்டச்சாகி வரும்போது, “வண்டி வேகமாக வந்ததைக் கண்டேன்” என்றாகிவிடுவதுண்டு. வாடை எந்த வளைவில் அடித்தது, வண்டி கண்ணில் படுவதற்கு எவ்வளவு நேரம் முன்னே அடித்தது என்று அவள் மொழியிலேயே திருப்பிக் கேட்கத் தெரிந்த பொறியியலாளர் அவ்விடத்தில் நின்றாக வேண்டும்.