பாலாற்றங்கரைக் காவலும் பணிச்சோர்வும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலை, பாலாறு என்னும் சிற்றாற்றின் அருகே கர்நாடக எல்லைக்குள் புகுகிறது. வேலூர் வழியே ஓடும் பாலாறு வேறு. இது காவிரியில் கலப்பது. இவ்வெல்லையைச் சேர்ந்த கொள்ளேகால் தாலுகா 1956 ஆம் ஆண்டில் சென்னை இராச்சியத்தினின்றும் பிரிந்து மைசூருடன் இணைந்தது. 1997 முதல் இப்பகுதி சாமராஜநகர் மாவட்டத்துள் அடங்கியுள்ளது.

இவ்வூரின் பெயரை நாடெங்கும் அறியச் செய்தது ஒரு துயர நிகழ்ச்சி. 1993 ஏப்ரல் 9 ஆம் நாள், வீரப்பன் கூட்டத்தார் சாலையில் புதைத்த கண்ணிவெடிகளால் காவல் துறையினரும் வனத் துறையினரும் அவர்களுக்குத் துணை சென்றோருமாக 22 பேர் மாண்டனர். அதற்குமுன், 1991 நவம்பர் 10 அன்று, வன அதிகாரி பி. சீனிவாஸ் அதே கூட்டத்தாரால் கொல்லப்பட்டார். 2004 அக்டோபரில் வீரப்பன் மாண்டதோடு அவ்வச்சம் அகன்றது. 2013 இல் மாதேசுவரன் மலைக்காடுகள் வனவிலங்குச் சரணாலயமாயின. ஆயினும், காவலரின் சுமை அகன்றுவிட்டதா என்பது வேறு வினா.

வனக்காவலரின் நாட்பொழுதை நோக்குக. இரவில் யானை வயலில் இறங்கினால் விரட்டச் செல்ல வேண்டும். விடிந்ததும் சேதத்தைக் கணக்கிட்டு அறிக்கை எழுத வேண்டும். கோடையில் காட்டுத்தீயை அணைக்க வேண்டும். குடும்பம் ஓரூரிலும் காவல் முகாம் வேறோரிடத்திலுமாகக் காலம் கழியும். இழப்பீடு வழங்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆனால் பயிரிழந்த உழவரின் சினம் முதலில் அவர்மீதே பாயும். ஓராசிரியர் பள்ளியின் ஆசிரியர் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கதே. பல வகுப்புகள், பதிவேடுகள், தேர்தல் பணி, கணக்கெடுப்பு ஆகிய யாவும் ஒருவர் தோளிலேயே விழுகின்றன.

இத்தகைய இடையறாத நெருக்கடி உடலை எவ்வாறு தாக்குகிறது? 1936 இல் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செலியே எலிகளிடம் செய்த சோதனைகளினின்றும் மூன்று படிகளை வகுத்தார்: முதலில் திடுக்கம், அடுத்து எதிர்த்து நிற்றல், இறுதியில் தளர்ச்சி. ஆபத்து நேருங்கால் அட்ரினலின் இதயத் துடிப்பை விரைவுபடுத்துகிறது. கார்ட்டிசால் குருதியில் சர்க்கரையை உயர்த்துகிறது. யானை எதிர்ப்படும்போது இஃது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் அந்நிலை தணியாமல் நீடித்தால் உறக்கம் கெடுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. வில்லின் நாண் எந்நேரமும் இழுபட்டே இருந்தால் வில்லுக்கே கேடு.

உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்கப்பட்ட தன் நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வுக்கு இடமளித்தது. அதனை நோய் என்று கூறாமல், பணியிடத்தைச் சார்ந்த நிலை என்றே வகுத்தது. ஆற்றல் வற்றிப்போதல், பணியில் வெறுப்பும் விலகலும், பணித்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். பணியிடத்தில் தோன்றும் கேட்டிற்குப் பணியிடத்திலேயே பரிகாரம் தேடுவதன்றோ முறை?

யோகாசனமும் மனவுறுதியும் இருந்தால் போதும் என்பார் உளர். அவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும், இரவெல்லாம் விழித்தவரைக் காலையில் மீண்டும் ரோந்துக்கு அனுப்பிவிட்டு மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்வது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதை ஒக்கும். பொறுப்பு மிகுந்தும் முடிவு செய்யும் உரிமை குறைந்தும் உள்ள வேலையே மிகுதியாக வாட்டும் என்று ராபர்ட் கராசெக் 1979 இல் எடுத்துக்காட்டினார். வனக்காவலர் நிலைக்கு இது முற்றும் பொருந்தும்.

ஆகவே மூன்று காரியங்கள் இன்றியமையாதன. முதலாவது, இரவுப் பணிக்கு ஈடான ஓய்வைப் பணிப்பதிவேட்டிலேயே குறித்து வழங்குதல்; அது சலுகையாகாது, பணியின் ஒரு கூறே. இரண்டாவது, தொலைவான முகாம்களில் இருப்பவரைக் குறித்த தவணையில் மாற்றுதல். மூன்றாவது, சக ஊழியர் மரணமோ விலங்குத் தாக்குதலோ நேர்ந்தால், மேலதிகாரி அறிக்கை கேட்பதோடு நில்லாமல் நேரிற்சென்று நலம் விசாரித்தல்.

தனி மனிதர் செய்யத்தக்கனவும் உள. உறங்கும் நேரத்தை இயன்றவரை மாற்றாதிருத்தல், உறக்கத்திற்காக மதுவை நாடாதிருத்தல், நம்பத்தக்க ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுதல் ஆகியன எளியவை. உறக்கமின்மையும் எரிச்சலும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அணுகலாம்.

காட்டுக்கும் குழந்தைக்கும் காவல் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். அக்காவலருக்கும் காவல் வேண்டும். அது தவறினால், மாண்டோரின் நினைவுக்கு ஆண்டுதோறும் மலர் சாத்துவதும் வெறுஞ் சடங்காகவே முடியும்.