சுப்ஹு ஸஃப்பில் உங்கள் இடம் காலி!

 

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊரில் பொதுக்கூட்டம். இரவு வெகுநேரம் வரை திடல் நிரம்பி வழிந்தது. தக்பீர் முழக்கத்தில் தெருவே அதிர்ந்தது. அன்றிரவு அதே தெருவிலுள்ள பள்ளிவாசலில் தங்கினேன். சுப்ஹு ஜமாஅத்தில் நின்றவர்கள் ஒன்றரை ஸஃப். அவர்களிலும் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டிய பெரியவர்கள். இரவெல்லாம் தொண்டை கிழிய முழங்கிய இளைஞர்கள் எங்கே? கொடி கட்டியவர்கள் எங்கே? நாற்காலி போட்டவர்கள் எங்கே? உறங்கிக் கொண்டிருந்தார்கள்!

அவர்களைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. எனக்கே அந்த நிலை இருந்தது. மதரஸாவில் ஓதிய காலத்தில் உஸ்தாது வந்து எழுப்புவார், எழுந்தோம். ஸனது வாங்கி வெளியே வந்த பின் எழுப்ப ஆளில்லை. இரவுக் கூட்டம், நள்ளிரவு வரை ஆலோசனை, காலையில் சுப்ஹு களா. ஒருநாள் எங்கள் மோதினார் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், ராத்திரி தொழுகையைப் பத்தி நல்லாப் பேசினீங்க. காலையில காணோமே, உடம்பு சுகமில்லையா?" அவர் குத்திக் காட்டவில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. ஒருநாள் சுலைமான் என்பவரை சுப்ஹு ஜமாஅத்தில் காணவில்லை. கடைவீதிக்குச் செல்லும் வழியில் அவருடைய தாயார் ஷிஃபா (ரலி) அவர்களிடம் கலீஃபா விசாரித்தார்கள். மகன் இரவு முழுவதும் நின்று தொழுததால் கண்ணயர்ந்து விட்டார் என்றார் தாயார். அதற்கு உமர் (ரலி), இரவெல்லாம் நின்று வணங்குவதை விட சுப்ஹு ஜமாஅத்தில் கலந்து கொள்வதே தமக்கு விருப்பமானது என்றார்கள்.

சிந்தியுங்கள்! இரவு முழுவதும் தொழுதவருக்கே இந்தப் பதில் என்றால், இரவு முழுவதும் போஸ்டர் ஒட்டியவருக்கும் செல்போனில் வீடியோ பார்த்தவருக்கும் என்ன பதில்?

"தூங்கினால் குற்றமில்லையே!"

இப்படிச் சில சகோதரர்கள் கேட்கிறார்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் உறங்கி, வெயில் சுட்ட பிறகே எழுந்தார்கள் என்ற ஹதீஸை ஆதாரமாகவும் காட்டுகிறார்கள். ஹதீஸ் ஸஹீஹானதுதான் (நூல்: முஸ்லிம்). ஆனால் அதை முழுமையாகப் படியுங்கள். உறங்கும் முன் பிலால் (ரலி) அவர்களைக் காவலுக்கு அமர்த்தினார்கள். பயணக் களைப்பில் பிலாலையும் தூக்கம் வென்றது. எழுந்ததும் உளூ செய்து ஜமாஅத்தாகத் தொழுதார்கள். ஏற்பாடு செய்தும் தவறிப் போனவருக்கான சலுகை இது. ஒரு மணிக்குப் படுத்து, அலாரமும் வைக்காமல், யாரிடமும் எழுப்பச் சொல்லாமல் உறங்குபவர் இதில் எப்படிச் சேருவார்? நீங்கள் யாரைக் காவலுக்கு வைத்தீர்கள்?

உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பீர்கள். ரமளானில் ஸஹருக்கு எழுவது இதே உடம்புதானே? சரக்கெடுக்க அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் அலாரம் அடிக்கும் முன்பே விழித்துக் கொள்கிறோமே! முடியாமை உடம்பில் இல்லை. ரயிலுக்குக் கொடுத்த மதிப்பைத் தொழுகைக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வியாபாரிகளே!

என் சமுதாயத்திற்கு அதிகாலையில் பரக்கத் செய்வாயாக என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் துஆ செய்ததாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் ஹதீஸ் உள்ளது. அதை அறிவிக்கும் ஸக்ர் (ரலி) ஒரு வியாபாரி. தம் ஆட்களைச் சரக்குடன் பகலின் முற்பகுதியிலேயே அனுப்பி வைப்பார், செல்வம் பெருகியது. நாமோ பத்து மணிக்குக் கடை திறந்து, "வியாபாரத்தில் பரக்கத் இல்லை ஹஜ்ரத், ஓதிப் பாருங்கள்" என்று வந்து நிற்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் ஹோட்டலில் பரோட்டா போடும் பையன் அடுப்பை அணைத்து, கல்லைக் கழுவி, படுக்கும்போது மணி ஒன்றரை. அவன் சுப்ஹு தவறுவதில் உங்களுக்குப் பங்கில்லையா? முறை வைத்து ஆட்களை மாற்றுங்கள். அரை மணி நேரம் முன்னதாகக் கடையைச் சாத்துங்கள். நீங்கள் தொழப் போகும்போது ஆட்கள் தங்கும் அறைக் கதவையும் தட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

முதலில், எழுவது காலையில் தொடங்குவதில்லை, இஷாவில் தொடங்குகிறது. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் நபி (ஸல்) வெறுத்தார்கள் (நூல்: புகாரி). இன்று வீண்பேச்சு தலையணைக்கு அடியிலேயே கிடக்கிறது. செல்போனைக் கூடத்தில் வைத்து விட்டுப் படுங்கள். அலாரத்தை நிறுத்த எழுந்து நடந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, கண் விழித்ததும் படுத்தபடி யோசிக்காதீர்கள். உறங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகளைப் போடுகிறான். அல்லாஹ்வை நினைவுகூர்ந்தால் ஒன்றும், உளூ செய்தால் ஒன்றும், தொழுதால் ஒன்றுமாக அவிழ்கின்றன என்று நபி (ஸல்) கூறியிருக்கிறார்கள் (நூல்: புகாரி). வரிசையைக் கவனியுங்கள். முதல் முடிச்சை அவிழ்க்கப் படுக்கையை விட்டு எழக்கூட வேண்டாம். நாவு அசைந்தால் போதும். அடுத்தது தண்ணீர். அதற்குப் பின் தூக்கம் எங்கே?

மூன்றாவது, தனியாக முயலாதீர்கள். தெருவில் மூன்று பேர் சேருங்கள். முதலில் எழுபவர் மற்ற இருவருக்கும் போன் செய்யட்டும். எடுக்காவிட்டால் கதவைத் தட்டட்டும். தாயிடமும் மனைவியிடமும் சொல்லி வையுங்கள். அவர்களையும் நீங்கள் எழுப்புங்கள்.

நான்காவது, பருவத்தைக் கவனியுங்கள். சென்னையில் ஜனவரியில் 6.30 மணி வாக்கில் உதிக்கும் சூரியன் ஜூனில் 5.45க்குள் உதித்து விடுகிறது. குளிர்காலக் கணக்கில் கோடையில் உறங்கினால் தவறிவிடும். இரவுத் தூக்கம் குறைந்தால் லுஹருக்குப் பின் சற்றுக் கண்ணயருங்கள்.

ஐந்தாவது, ஒருநாள் தவறினால் "இந்த வாரம் போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். விழித்த உடனே தொழுங்கள். மறுநாள் மீண்டும் அலாரம் வையுங்கள்.

கிளை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆலோசனைக் கூட்டங்களை நள்ளிரவு வரை இழுக்காதீர்கள். வாரம் ஒருமுறை சுப்ஹுக்குப் பின் பள்ளியிலேயே கூட்டுங்கள். பேச்சும் குறையும், ஆளும் தெரியும்!

இஷாவும் சுப்ஹும் நயவஞ்சகர்களுக்கு மிகப் பாரமான தொழுகைகள் என்றும், அவற்றின் சிறப்பை அறிந்தால் தவழ்ந்தாவது வருவார்கள் என்றும் நபி (ஸல்) எச்சரித்தார்கள் (நூல்: புகாரி). உரிமைக்காகத் தெருவில் இறங்கும் ஆயிரம் பேரை ஒரே அழைப்பில் நாம் திரட்டி விடுகிறோம். படைத்தவனின் அழைப்புக்கு ஐம்பது பேர் எழவில்லையென்றால் நம் முழக்கத்திற்கு என்ன மதிப்பு?

நாளை பாங்கு சொல்லும்போது அந்த மோதினார் உங்களையும் எதிர்பார்ப்பார். ஸஃப்பில் உங்கள் இடம் காலியாக இருக்கிறது. வந்து நிரப்புங்கள், இன்ஷா அல்லாஹ்!