30 இறாத்தல் தண்ணீர்



மே மாதம் வந்தால் 1919 வின்னிபெக் பொது வேலைநிறுத்தத்தைப் பற்றி எங்கட ஆக்கள் கட்டாயம் கதைப்பினம். நானும்தான். ஏறத்தாழ 30,000 தொழிலாளர்கள், ஆறு கிழமை. அதில எனக்குப் பிடித்தது தண்ணீர்க் கதை. வேலைநிறுத்த நாட்களில் குழாய் அழுத்தம் 30 இறாத்தலுக்குக் குறைக்கப்பட்டது. தொழிலாளர்களின் மாடியில்லா வீடுகளுக்கு அது போதும். பணக்காரரின் மேல்மாடிக் குளியலறைக்கு ஏறாது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. ஷோல் ஏரியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர் கடந்து, அந்த வருட வசந்தத்தில்தான் அது நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

நகரத்துக்கு நல்ல தண்ணீர் தேவைப்பட்டது, அதில பொய் இல்லை. நெருப்புக்காய்ச்சலில் கூடுதலாக அடிபட்டவர்கள் நோர்த் எண்டில் வாழ்ந்த ஏழைக் குடியேறிகள். 1913இல் திட்டத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். வாக்கு, நகரத்தில் வரி கட்டுபவர்களுக்கு. ஏரிக்கரையில் வாழ்ந்த அனிஷினாபே மக்களுக்கு இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. தண்ணீர் எடுக்கத் திட்டமிட்ட இந்தியன் குடாவில்தான் ஃபால்கன் ஆறு விழுந்தது. சதுப்பு நிலத்தால் வருகிற ஆறு, பழுப்பு நிறம். நகரத்துக்குத் தெளிந்த தண்ணீர் வேணும். ஆகவே குடாவுக்குக் குறுக்கே அணை கட்டி, கால்வாய் வெட்டி, பழுப்புத் தண்ணீரை அடுத்த குடாவுக்குத் திருப்பினார்கள். ஷோல் லேக் 40 சமூகம் இருக்கிற பக்கம் அது. கால்வாய் அவர்களுடைய தீபகற்பத்தைத் துண்டித்துத் தீவாக்கியது. 3,000 ஏக்கருக்கு மேல், அவர்களின் சம்மதம் இல்லாமல், இந்திய விவகாரத் திணைக்களம் விற்றது: நிலம் ஏக்கர் 3 டொலர், தீவுகளும் ஏரியின் அடித்தளமும் ஏக்கர் 50 சதம்.

அதுக்குப் பிறகு கோடையில் படகு, மாரியில் உறைந்த ஏரி. பனி உடைந்து உயிர் போனவர்கள் உண்டு. 1997 தொடங்கி 2021 வரை அங்கே தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. வின்னிபெக் அதே ஏரியைக் குடித்துக்கொண்டிருந்தது. வெளியே போக ஒரு பாதை கிடைத்தது 2019இல், நூறு வருடம் கழித்து. (நாங்கள் பஸ் பிடித்துப் பார்க்கப் போகிற மனித உரிமை அருங்காட்சியகத்துக் குழாயிலும் இதே தண்ணீர்தான். அது திறந்த 2014இல், ஷோல் லேக் 40 மக்கள் தங்கட ஊரையே 'கனேடிய மனித உரிமை மீறல் அருங்காட்சியகம்' என்று அறிவித்தார்கள்.)

இந்தக் கதையில் திட்டுவதற்கு ஒரு தனியார் கம்பனி இல்லை. அதுதான் எனக்கு நெருடுகிறது. பொதுப் பணம், பொது வாக்கு, பொதுச் சுகாதாரம். நாங்கள் கேட்கிற எல்லாமே இருந்தது. 'தண்ணீர் பொதுச் சொத்து' என்று பதாகை எழுதும்போது, அந்தப் 'பொது'வுக்குள் ஏரிக்கரை ஆட்கள் இருக்கினமோ என்று கேட்டுத்தான் ஆகவேணும். இங்க வந்து குழாயைத் திறக்கிற நாங்களும் நகரத்துப் பக்கம்தான் நிற்கிறோம்.

மே 15 துண்டறிக்கையின் வரைவைப் பார்த்தேன். 30 இறாத்தல் இருக்கட்டும். அதுக்குக் கீழே அணையும், 50 சதமும், 1997உம் வரவேணும். இடம் காணாது என்றால் வேலைநிறுத்தத் தலைவர்களின் படத்தைச் சின்னதாக்குங்கோ.