போமேன் என்றால் யார்?

காலை நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்கள், வேலைக்குத் தாமதமாவதற்குச் சொல்லும் காரணங்களில் இது அடிக்கடி வரும்: "காடி போமேன்கிட்ட நிக்குது." மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். ஆனால் சென்னையிலிருந்து வந்த உறவினரிடம் சொல்லிப் பாருங்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் உங்கள் காருக்கு என்ன வேலை என்று யோசிப்பார்.

அவர் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபோர்மேன் என்பவர் வேலையாட்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்குபவர். நீதிமன்றத்தில் ஜூரிகளின் தலைவருக்கும் அந்தப் பெயர் உண்டு. இந்தியாவின் 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தில், சீட்டு நடத்துபவர் ஃபோர்மேன். நம் நாட்டிலோ மலாய்க்காரர்கள் 'போமென்' என்றாலும் நாம் 'போமேன்' என்றாலும் பொருள் ஒன்றுதான்: வண்டிக்கு அடியில் படுத்து, கையெல்லாம் கிரீஸோடு எழுந்து வருபவர்.

ஆங்கிலேயர் ஃபோர்மேன் என்று சொன்ன அந்த மேற்பார்வை வேலைக்குத் தோட்டத்தில் நம்மிடம் வேறு சொற்கள் இருந்தன. ஒன்று கங்காணி, மற்றொன்று மண்டோர். கங்காணி என்பது கண்காணிப்பவர் என்ற தமிழ்ச் சொல்லின் பேச்சு வடிவம். அவர் கண் ஆட்கள் மேல் இருந்தது. போமேனின் கண் இயந்திரத்தின் மேல் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மெக்கானிக்குக் 'கம்மியர்' என்று பெயர். பழைய சொல்தான். நெடுநல்வாடையில் அரண்மனைக் கதவை இடைவெளி இல்லாமல் பொருத்துபவன் கம்மியன். ஆனால் நம் ஊரில் கம்மியர் என்று சொல்லி வழி கேட்டால் பட்டறை போய்ச் சேர மாட்டோம்.

'பழுது பார்ப்பவர்' என்பது எல்லாருக்கும் புரியும். எனக்குப் பிடித்ததும் இதுதான். வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், நாடி பார்க்கிறோம். அக்கறையோடு கவனித்துச் செய்யும் வேலைக்குத் தமிழ் கொடுத்த வினை 'பார்'. நல்ல போமேன் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பார்க்கத் தொடங்கிவிடுவார். சத்தம் காலையில் மட்டும் வருகிறதா, பிரேக் போடும்போதா, திருப்பும்போதா என்று கேட்பார். எதையும் கேட்காமல் "இதை மாத்தணும், அதை மாத்தணும்" என்பவர் ஸ்பேர் மாற்றுபவர். பழுது பார்ப்பவர் அல்ல.

'ரிப்பேர்' என்ற சொல்லையும் பாருங்கள். "காடி ரிப்பேர்" என்றால் கெட்டுப்போய்விட்டது. "ரிப்பேர் பண்ணியாச்சு" என்றால் சரியாகிவிட்டது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்!

அவரை அழைக்கும் விதத்தில் குறையில்லை. சீனர் என்றால் 'அங்கிள்', மலாய்க்காரர் என்றால் 'அபாங்', நம்மவர் என்றால் 'அண்ணே', யாராக இருந்தாலும் 'பாஸ்'. நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நின்றுபோன இரவில் அந்த 'அண்ணே'வில் எவ்வளவு பணிவு! அதே நாம் வரன் பேசும்போது, "பையன் போமேனா?" என்று குரலைத் தாழ்த்துகிறோம். மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், "படிக்கலன்னா போமேன் வேலைக்குத்தான் போகணும்" என்கிறோம். பழுது அந்தச் சொல்லில் இல்லை, நாம் அதைச் சொல்லும் தொனியில் இருக்கிறது.

இன்று அந்த வேலைக்கும் படிப்பு உண்டு. மலேசியத் திறன் சான்றிதழ் முறையில் முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. ஹைபிரிட், மின்சார வண்டிகளின் உயர் மின்னழுத்த பேட்டரியில் பயிற்சி இல்லாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. பார்த்துப் பழகிய கைப்பழக்கம் மட்டும் அங்கே போதாது.

ஆகவே, எஸ்பிஎம் முடித்த பிள்ளை பட்டறைப் பக்கம் ஆசையோடு பார்த்தால், அந்தப் பழைய வசனத்தைக் கொஞ்சம் திருப்பிச் சொல்லுங்கள்: "போமேன் ஆகணுமா? அப்போ நல்லா படி."